நால்வருக்கும் ஒரே மதிப்பெண்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவா. நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள். "இந்த சென்சாரை ஏன் போட்டீங்க?" என்று வெளித்தேர்வாளர் கேட்டதும் மூன்று தலைகள் ஒரே பக்கம் திரும்புகின்றன. அந்தப் பக்கம் நிற்கும் பெண் பதில் சொல்கிறாள். அடுத்த கேள்விக்கும் அவள்தான். மதிப்பெண் மட்டும் நால்வருக்கும் ஒன்றே. அப்படிப் போட்டவர்களில் நானும் உண்டு, பலமுறை.

குழுப்பணி தேசிய அங்கீகார வாரியம் கேட்கும் கற்றல் விளைவுகளில் ஒன்று. நாம் என்ன செய்கிறோம்? ரோல் நம்பர் வரிசையில் பேட்ச் பிரித்துவிட்டு, மேப்பிங் அட்டவணையில் குழுப்பணிக்கான கட்டத்தில் 3 என்று நிரப்புகிறோம். கற்றுக்கொடுத்த ஒரு மணி நேரத்தைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார். 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு வந்த பலம், தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். நாம் உடனே 'ஓ.பி. அடிக்கிறான்' என்போம். அது பாதி உண்மை. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் காரணம். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். குரல் கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால் தேர் அசையாது. வேலையைப் பிரிப்பது, கூட்டத்தில் முடிவானதை எழுதிவைப்பது, தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்வது ஆகியவை அந்தக் குரலின் வேலை. இவற்றைப் பாடமாகவே நடத்த வேண்டும்.

ஓ.பி.க்கும் மருந்து உண்டு. உளவியலாளர் லட்டானேயும் சகாக்களும் கைதட்டல், கூச்சலை வைத்து 1979இல் இதே சரிவைக் கண்டார்கள். அவரவர் எழுப்பும் சத்தம் தனியே தெரியவரும் என்றபோது சரிவு காணாமல் போனதை அடுத்து வந்த ஆய்வு காட்டியது. அவரவர் பங்கைத் தெரியவைக்க சக மாணவர் மதிப்பீடு ஒரு வழி. ஆனால் நம் வகுப்புகளில் நட்புக்காக எல்லோரும் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள்.

போன செமஸ்டரில் நான் வேறொன்று செய்தேன். ரிவ்யூவில் யாரும் தன் பகுதியை விளக்கக்கூடாது, சீட்டில் வரும் இன்னொருவர் பகுதியைத்தான் விளக்க வேண்டும் என்றேன். முதல் ரிவ்யூ படுதோல்வி. நேரமும் இரு மடங்கு இழுத்தது. இரண்டாவதற்கு முந்தைய நாள் மாலை ஆய்வகத்தைப் பூட்டப் போனேன். ஒரு பேட்ச் இன்னும் கிளம்பவில்லை. வைவாவில் வாயே திறந்திருக்க மாட்டான் என்று நான் எண்ணியிருந்த பையன், மற்ற மூவருக்கும் சர்க்யூட்டை வரைந்து காட்டிக்கொண்டிருந்தான்.