பேங்க்கை நீங்க தேர்ந்தெடுங்க

இப்ப நீங்க வச்சிருக்கிற பேங்க் அக்கவுண்ட்டை யார் தேர்ந்தெடுத்தது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஸ்காலர்ஷிப்புக்காக ஸ்கூல்ல ஆரம்பிச்சுக் கொடுத்தது ஒண்ணு இருக்கும். முதல் வருஷம் அட்மிஷன் சமயத்துல, காலேஜுக்குள்ளயே டேபிள் போட்டு உட்கார்ந்திருந்தவங்க நீட்டின ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டது இன்னொண்ணு. பிளேஸ்மெண்ட் கிடைச்சதும் ஹெச்.ஆர். ஒரு லிங்க் அனுப்புவாங்க, அது மூணாவது. ஒரு ஃபோன் வாங்க மூணு வாரம் ரிவ்யூ வீடியோ பார்க்கிற நாம, சம்பளம் வந்து விழப்போற இடத்தை மட்டும் அடுத்தவங்க முடிவுக்கு விட்டுடறோம்.

“எல்லா பேங்க்கும் ஒண்ணுதான் மச்சி, ஆப் நல்லா இருந்தா போதும்”னு ஹாஸ்டல்ல ஒரு கட்சி உண்டு. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. நாம தினமும் திறக்கிறது ஜிபே, ஃபோன்பேதான்; பேங்க்கோட சொந்த ஆப்பை மாசத்துக்கு ஒருமுறை பார்த்தா அதிகம். யு.பி.ஐ. எந்த பேங்க்ல இருந்தாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். வேலை செய்யாத நாள்லதான் வித்தியாசம் தெரியும். 2020 மார்ச்ல யெஸ் பேங்க்குக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டப்ப, அதை நம்பி ஓடிக்கிட்டிருந்த ஃபோன்பேயும் சேர்ந்து நின்னுபோச்சு. வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியலை. அதனால ஆப்பைப் பத்தி என்னோட ஒரே யோசனை: ரெண்டு வேற வேற பேங்க்ல அக்கவுண்ட் வச்சுக்குங்க. மூணு நாலு வேண்டாம், பராமரிக்க முடியாது.

நம்ம பையைக் கடிக்கிற விஷயம் மினிமம் பேலன்ஸ். மாணவர் அக்கவுண்ட்டுக்குப் பெரும்பாலும் ஜீரோ பேலன்ஸ்னு சொல்லித்தான் திறப்பாங்க. படிப்பு முடிஞ்சப்புறமும் அது ஜீரோதானா? இதை ஃபார்ம் நீட்டும்போதே கேளுங்க. சம்பள அக்கவுண்ட்டும் அப்படித்தான். வேலையை விட்டு, சில மாசம் தொடர்ந்து சம்பளம் வரலைன்னா அது சாதாரண சேமிப்புக் கணக்கா மாறிடும். அப்புறம் குறைந்தபட்ச இருப்பு விதி வந்து ஒட்டிக்கும். வேலை இல்லாத நேரத்துல அபராதம்! எஸ்.பி.ஐ. 2020-லயே இந்த அபராதத்தை எடுத்துடுச்சு. கனரா பேங்க், இந்தியன் பேங்க் எல்லாம் 2025-ல எடுத்தாங்க. அதே 2025 ஆகஸ்ட்ல ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், பெருநகரங்கள்ல புதுசா சேர்றவங்களுக்கு 50,000 ரூபாய் இருக்கணும்னு அறிவிச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் ரெண்டே வாரத்துல 15,000-ஆ குறைச்சது. அந்த 15,000-ஐயே ஒரு ஃப்ரெஷரால மாசக் கடைசி வரைக்கும் அசையாம வச்சிருக்க முடியுமா? எல்லா பேங்க்கும் ஒண்ணு இல்லைங்கிறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. அபராதம் போடுறதுக்கு முன்னாடி பேங்க் உங்களுக்குத் தகவல் சொல்லி, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாசம் டைம் கொடுக்கணும். அந்த அபராதத்தால மட்டும் உங்க கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. இது 2015 ஏப்ரல்ல இருந்து இருக்கிற ரிசர்வ் வங்கி விதி. மீறினா முதல்ல பேங்க்ல எழுத்துல புகார் கொடுங்க; 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியோட ஆம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்ல போகலாம், காசு கிடையாது. மினிமம் பேலன்ஸே வேண்டாம்னா ‘அடிப்படை சேமிப்புக் கணக்கு’ கேளுங்க. எல்லா பேங்க்கும் அதைக் கொடுத்தே ஆகணும். ஆனா கவுண்ட்டர்ல இருக்கிறவங்க அதுவா ஞாபகப்படுத்த மாட்டாங்க.

நம்மள்ல பாதிப் பேருக்கு உண்மையான தேவை கல்விக்கடன். இங்கதான் பளபளப்பான ஆப் பேங்க் எல்லாம் பின்னாடி போய், ஊர்ல இருக்கிற பழைய கிளை முன்னாடி வருது. அப்பாவோ அம்மாவோ நகைக்கடன் வாங்கித் திருப்பின கிளை, பயிர்க்கடன் வாங்கின கிளை. அங்க உங்க குடும்பத்தோட வரவு செலவு பல வருஷமா பதிவாகியிருக்கும். பெத்தவங்க கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும்கிறதால அந்தப் பழக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஆனா அந்தக் கிளையிலேயே “நீங்க எங்க ஏரியா இல்லை, வேற கிளைக்குப் போங்க”ன்னு அலைய விட்டா திரும்பி வந்துடாதீங்க. ஏரியா விதி கல்விக்கடனுக்குப் பொருந்தாதுன்னு ரிசர்வ் வங்கி 2012-லயே சுற்றறிக்கை விட்டிருக்கு. 4 லட்சம் வரைக்குமான கல்விக்கடனுக்குச் சொத்து அடமானமும் கேட்கக் கூடாது. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. வாயால ‘இல்லை’ன்னு சொல்ற மேனேஜர் எழுதித் தரச் சொன்னா கொஞ்சம் யோசிப்பார். மரியாதையாத்தான் கேட்கணும், அவருக்கும் மேல இருந்து அழுத்தம் இருக்கும்.

பேமெண்ட்ஸ் பேங்க் பத்தியும் இந்த இடத்திலேயே சொல்லிடறேன். அதுங்களுக்குக் கடன் கொடுக்கவே அனுமதி கிடையாது. சில்லறைச் செலவுக்குச் சரி, கடன் வாங்க அங்க போய் நிக்க முடியாது.

பாதுகாப்பு? “தனியார் பேங்க் திவாலாயிடும்”னு வீட்ல பயமுறுத்துவாங்க. 2020 நவம்பர்ல நம்ம கரூர்ல பிறந்த லக்ஷ்மி விலாஸ் பேங்க் தடுமாறினப்ப, சில நாள் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியலை. அப்புறம் டி.பி.எஸ். பேங்க்கோட இணைச்சாங்க, டெபாசிட் போட்டவங்க பணம் போகலை, பங்கு வச்சிருந்தவங்களுக்குத்தான் எல்லாம் போச்சு. டெபாசிட் காப்பீடு ஒரு ஆளுக்கு, ஒரு பேங்க்குக்கு 5 லட்சம், வட்டியும் சேர்த்து. நம்ம அக்கவுண்ட்ல இருக்கிற தொகையைப் பார்த்தா, இந்தக் கவலையைச் சில வருஷம் தள்ளிப் போடலாம்! ஆனா அப்பாவோட ரிட்டயர்மெண்ட் பணம் மொத்தமும் ஒரே பேங்க்ல இருந்தா இன்னைக்கே பேசுங்க. ஒரே பேங்க்ல நாலு கிளையில பிரிச்சுப் போட்டாலும் கணக்கு ஒண்ணுதான்.

கடைசியா, கேம்பஸ்லயே தொழில் தொடங்கியிருக்கிறவங்களுக்கு. டி-ஷர்ட் பிரிண்டிங், ப்ராஜெக்ட் கிட், ஹாஸ்டலுக்கு ஸ்நாக்ஸ்னு நம்ம காலேஜ்லயே எத்தனையோ பேர் செய்றாங்க. எல்லாப் பணமும் ஒருத்தரோட சொந்த ஜிபேயில விழும். ஆறு மாசம் கழிச்சு எது லாபம், எது அம்மா அனுப்பின மெஸ் ஃபீஸ்னு பிரிக்கவே முடியாது. கூட்டாளிகளுக்குள்ள சண்டை ஆரம்பிக்கிற இடமே அதுதான். அதுக்காக உடனே கரண்ட் அக்கவுண்ட்டுக்கு ஓட வேண்டாம். அதுல வட்டி கிடையாது, மினிமம் பேலன்ஸும் பெரும்பாலும் அதிகம். சின்னதா இருக்கும்போது வரவு செலவுக்குன்னு தனியா ஒரு கணக்கு எண்ணை ஒதுக்கி எழுதி வச்சாலே பாதிக் குழப்பம் தீரும். நிஜமாவே வளர்ந்தா, இலவசமா கிடைக்கிற உத்யம் பதிவைப் போட்டுட்டு கரண்ட் அக்கவுண்ட் திறங்க. அப்பவும் கேட்க வேண்டிய கேள்வி ஆப் பத்தினது இல்லை: மாசத்துக்கு எவ்வளவு ரொக்கம் இலவசமா கட்டலாம், அதுக்கு மேல போனா எவ்வளவு பிடிப்பீங்க, அந்தக் கட்டணப் பட்டியலைக் கையில கொடுப்பீங்களா?