பரீட்சை வந்தால் மட்டும் வரும் தலையிடி



"பரீட்சை வந்தா மட்டும் இவளுக்குத் தலையிடியும் வந்துரும்." ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. வீட்டில் உம்மாமாரும் சொல்வதுண்டு. கவனித்தது சரி, முடிவுதான் பிழை. ஓ.எல். பரீட்சை நெருங்கும்போது பிள்ளை நடுச்சாமம் தாண்டி விழித்திருக்கிறது, காலைச் சாப்பாட்டை விடுகிறது, பாடசாலை முடிந்து டியூஷனுக்கு ஓடும் அவசரத்தில் தண்ணீர் குடிக்க மறக்கிறது. மைக்ரேன் என்ற ஒற்றைத் தலையிடியைக் கிளப்பிவிட இது போதும். அந்த நோய் உள்ளவர்களுக்குத் தூக்கமும் சாப்பாடும் நேரம் தவறக்கூடாது. ஆகவே பரீட்சைக் காலத்தில் அது கூடத்தான் செய்யும். பிள்ளை சாட்டுச் சொல்லவில்லை.

'ஒற்றை' என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றியின் இரண்டு பக்கமும் வலிக்கும். வெளிச்சம் கூசும், சத்தம் தாங்காது, சத்தி வரும். சிலருக்குக் கருவாடு பொரிக்கும் மணமே போதும். (அத்தர் பூசி வரும் சகோதரர்களும் கொஞ்சம் கவனிக்க!) பெரியவர்களில் இது 4 மணித்தியாலம் தொடக்கம் 3 நாள் வரை நீடிக்கலாம். வயதுக்கு வந்த பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். எங்கள் உம்மாமாரில் எத்தனை பேர் இதோடு அடுப்படியில் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பெரிய பயம் கைப்பையில் இருக்கும் பனடோல் கார்ட்தான். பனடோல் கெட்ட மருந்தல்ல. வலி தொடங்கியவுடனேயே சரியான அளவில் போட்டால் பலருக்குக் கேட்கும். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மருந்தே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். வலிக்காக மருந்து, மருந்தால் வலி என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கோடீன் கலந்த மாத்திரைக்கு 10 நாளே போதும். அந்த நிலைக்கு வந்தவர்களுக்கும், அடிக்கடி வலி வருபவர்களுக்கும் வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. அதை டாக்டர்தான் தர வேண்டும். பக்கத்து வீட்டு ராத்தாவுக்குச் சுகமாக்கிய மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். பிரொப்பிரனலோல் வீசிங் உள்ளவர்களுக்கு ஆபத்து. அதுபோல, வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும் பெண்கள் கருத்தடை மாத்திரை பாவிப்பதாக இருந்தால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஓதுங்கள், கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். போகும்போது எந்தத் திகதி வலித்தது, எத்தனை மணி நேரம், என்ன சாப்பிட்டது, எத்தனை மாத்திரை போட்டது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நோன்பு பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் பகலில் வரும் தலையிடிக்குப் பலரிடம் காரணம் பிளேன்டீதான். நாளுக்கு ஐந்தாறு கப் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிக்கும். ஷஃபானிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், சஹரை விடாதீர்கள். அப்படியும் சத்தியோடு சுருண்டு படுப்பவரை "ஈமான் குறைவு" என்று பேசுவது அநியாயம். நோயாளி பிறகு கழாச் செய்யலாம் என்ற சலுகை சூரத்துல் பகராவிலேயே இருக்கிறது.

திடீரென்று இடி விழுந்தது போன்ற வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் விறைப்பு, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலோடு வரும் தலையிடிக்கு பனடோலைத் தவிர இபுபுரோஃபென், அஸ்பிரின் எதுவும் வேண்டாம்.

பாடசாலைகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருக்க விடுங்கள். வெயில் அடிக்கும் ஜன்னலோரத்திலிருந்து அந்தப் பிள்ளையை மாற்றி இருத்துங்கள். வலி வந்தால் அரை மணித்தியாலம் இருட்டாகவும் அமைதியாகவும் படுக்க ஓர் இடம் கொடுங்கள், லைப்ரரி மூலையாக இருந்தாலும் சரி.