குப்பை போட்டவர் யார், கூட்டுவது யார்?

அம்மாவுக்கு முழங்கால் வலி. 'நீ கேப்' என்ன விலை என்று இன்டர்நெட்டில் ஒரே ஒரு தடவை தேடினேன். அவ்வளவுதான். அடுத்த பத்து நாள், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் நீ கேப். ராசிபலன் பார்க்கப் போனாலும் நீ கேப்!

'குக்கீஸை க்ளியர் பண்ணிடுங்க சார், சரியாயிடும்' என்றார் ஆபீஸ் கம்ப்யூட்டர் தம்பி. கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கித் துடைத்தேன். எல்லாத் தளங்களும் 'நீங்க யாரு?' என்று பாஸ்வேர்டு கேட்டன. மூன்றாம் நாள் வேறொரு விளம்பரம் பின்னாலேயே வர ஆரம்பித்துவிட்டது.

என் கேள்வி சிம்பிள். குப்பை போடுவது அவர்கள். தினம் நான் ஏன் கூட்ட வேண்டும்?

டெம்பரரி ஃபைல்களைச் சொல்லவில்லை. அவை பாவம், ஏற்கெனவே இறங்கிய படங்களைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை பக்கத்தைச் சீக்கிரம் திறக்க உதவுபவை. குக்கீயும் பிறவியில் நல்ல பிள்ளைதான். 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி உருவாக்கியது. கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன் மாதிரி, வந்தவர் யாரென்று தளம் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சின்னச் சீட்டு.

வம்பெல்லாம் மூன்றாம் நபர் குக்கீயால். நீங்கள் போனது மளிகைக் கடைக்கு. ஓரமாக ஓர் ஆள், கையில் நோட்டுப் புத்தகம். ஜவுளிக் கடையில் அதே ஆள். மருந்துக் கடையிலும் அவரே. யார் என்று பார்த்தால், விளம்பரக் கம்பெனி ஆள்!

'அனுமதி கேட்கிறோமே' என்பார்கள். கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள். 'ஏற்கிறேன்' என்றால் ஒரே அமுக்கு. மறுக்க நாலு கதவு தட்ட வேண்டும். இதற்காகத்தான் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

முடியாத காரியமா என்ன? ஆப்பிளின் சஃபாரி 2020-லிருந்து மூன்றாம் நபர் குக்கீயை நாம் கேட்காமலே தடுக்கிறது. அதே 2020-ல், க்ரோமிலிருந்து இரண்டு வருஷத்தில் ஒழிப்போம் என்றது கூகுள். தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, 2024-ல் கைவிரித்துவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனியாச்சே!

'ஓசியில் படிக்கிறீர்களே?' என்பார்கள். நான் பி.காம். பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். தகவலைத் தருவது நாம். நம் பெயரில் வரவு எங்கே? அதுதான் விலை என்றால், விலையைச் சொல்லி விற்கட்டும். பாக்கெட்டில் கைவிட்டு எடுப்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

இன்றைக்கே செட்டிங்ஸில் போய் மூன்றாம் நபர் குக்கீயைத் தடுங்கள். மறுக்கும் பட்டன் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப்பிடித்து அமுக்குங்கள். அவ்வப்போது துடைக்கவும் செய்யுங்கள். ஆனால், கூட்டுவது நம் வேலை என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.