'இன்வென்டரி' என்றால் துணியா, பணமா?

சாஃப்ட்வேர் காப்புரிமை வழக்கு என்றதும் ஏதோ பெரிய அல்காரிதச் சண்டை என்று பலரும் நினைக்கிறார்கள். பல வழக்குகளில் நடப்பது வெறும் சொற்சண்டைதான். அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டியான வழக்கே ஒரு டிரைகிளீனிங் கடை சமாச்சாரம்!

வெளுக்க வரும் துணிகளைக் கம்ப்யூட்டரில் பின்தொடரும் முறைக்கு மார்க்மன் என்பவர் காப்புரிமை வைத்திருந்தார். வெஸ்ட்வியூ கம்பெனியின் மெஷினோ பில்லையும் தொகையையும் மட்டும்தான் பதிந்து வைத்தது. துணி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. காப்புரிமையில் இருந்த சொல் 'இன்வென்டரி'. பணக்கணக்கும் அதில் அடங்கும் என்றது மார்க்மன் தரப்பு. ஜூரியும் தலையாட்டியது. நீதிபதி ஒப்பவில்லை, துணி இல்லாமல் இன்வென்டரி ஏது என்றார். காப்புரிமைச் சொல்லுக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, ஜூரியின் வேலை அல்ல என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

"கோடிங் தெரியாத நீதிபதிக்கு என்ன புரியும்?" என்று இப்போதும் கேட்கிறார்கள். இதில் கோடிங் எங்கே வந்தது? சரக்கு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்கும் முறை என்று அந்தக் காப்புரிமையிலேயே எழுதியிருக்கிறது. பில்லை மட்டும் வைத்துக்கொண்டு தொலைந்த சட்டையை எப்படித் தேடுவதாம்?

விண்ணப்பம் போடும்போது ஒரு அர்த்தம், கேஸ் போடும்போது வேறொரு அர்த்தம். இதற்கு அகராதியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அகராதியைவிட காப்புரிமையில் உள்ள விளக்கமே முக்கியம் என்று 2005-ல், பிலிப்ஸ் வழக்கில், ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் சொல்லைத் தேடிப்பிடித்து எழுதியவர் அவர்தானே? அந்தக் குழப்பத்துக்கு அடுத்த புரோகிராமர் ஏன் வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டும்?