கோப்பை வந்தது, கிளப் நிற்கவில்லை

ஒரு கோச் நினைத்தால் என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த நடராஜனைச் சென்னை லீக் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜெயப்பிரகாஷ். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடராஜன் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு முதலில் வழிகாட்டியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பெங்களூரில் பட்டை தீட்டியவர் சத்தியநாராயணா. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன்.

இரண்டுமே குரு, சீடன் கதை. நம் பக்கத்தில் விளையாட்டு என்றால் இந்தக் கதைதான் மனதில் பதிந்திருக்கிறது. கால்பந்துக்கு அது போதாது. களத்தில் பதினொரு பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள், அவர்களுக்குக் கீழே பதினேழு வயது அணி, பதினைந்து வயது அணி, பதின்மூன்று வயது அணி. ஒரு மனிதரின் பிடிவாதம் ஓர் ஆட்டக்காரனை உருவாக்கிவிடும். கிளப் நிற்க வேண்டுமானால் அந்த மனிதர் ஊரை விட்டுப் போன பிறகும் ஆட்டம் நடக்க வேண்டும். கால்பந்து கோச்சை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான்.

நமக்கு அருகிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் சொந்த மைதானம் கோவைதான். 20 ஆட்டங்களில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. முந்தைய சீசனில் பத்து அணிகளில் எட்டாவதாக வந்த அணி இது.

இடையில் வந்தவர் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ். அவர் செய்ததைப் பிரித்துப் பார்த்தால் மாயம் ஒன்றுமில்லை. பேர் பெற்ற, வயசான வெளிநாட்டு நட்சத்திரங்களை கிளப் தேடிப் போகவில்லை. ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டிவந்தது: பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. ஒரே மாதிரி ஆட்டத்தில் பழகியவர்கள் என்பதால் ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடும் பழக்கத்தை விட்டு, தரையோடு தட்டித் தட்டி மேலேறும் ஆட்டத்தை நவாஸ் அணி முழுக்கப் பழக்கினார். மான்சி 21 கோல் அடித்தார். எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ, அஜித்குமார் என்று தமிழ்நாட்டுப் பையன்களும் அந்த ஆட்டத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தினார்கள். கோப்பை வென்ற அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் பேசல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. கொங்கு மண்டலமே இனிமேல் கால்பந்துக்குத்தான் என்று பேசியவர்கள் உண்டு.

பிறகு எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார், ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருவுக்கு. நவாஸும் போனார். 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்த கிளப்பின் பெயரே இல்லை. சாம்பியனாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை.

இதை நவாஸின் குறை என்று சொல்ல மாட்டேன். ஒரு சீசனில் ஒரு கோச் செய்யக்கூடியதன் உச்சத்தை அவர் செய்தார். ஆனால் மேலே இருந்த அந்த ஒரே அணிக்குக் கீழே, போனவர்களின் இடத்தை நிரப்ப அதே ஆட்டத்தில் வளர்ந்த பையன்கள் தயாராக இல்லை. அதற்குப் பத்து வருஷம் வேண்டும். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு முதல் கோப்பை கிடைத்தது 1990-ல், லீக் பட்டம் 1993-ல். நடுவில் அவர் இளைஞர் அணியைக் கட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர் முதலாளி யாராவது அதுவரை பொறுத்திருப்பாரா?

அதற்காக நீண்ட காலம் இருந்தாலே கிளப் நின்றுவிடும் என்றும் இல்லை. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் ஆசிரியராக இருந்தவர். 1950-ல் நகரப் போலீஸ் அணியை எடுத்தார். 1954 வரை வரிசையாக ஐந்து ரோவர்ஸ் கோப்பை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், இரண்டுக்கும் கோச் அவர்தான். வழக்கமாக உதைக்காத காலால் மட்டும் ஆட வேண்டும், பந்தை வைத்துக்கொண்டு வெட்டி ஓடக் கூடாது என்றெல்லாம் விதி வைத்துச் சின்னச் சின்னப் போட்டிகள் நடத்துவார். பையன் ஆடிக்கொண்டே கற்பான். 1963-ல் ரஹீம் இறந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஹைதராபாத் கால்பந்தும் தேய்ந்தது. அறிவெல்லாம் ஒரே தலைக்குள் இருந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இதற்கு மாற்றான உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது, அதுவும் பெண்கள் கால்பந்தில். சுனாமிக்குப் பிறகு கடலூரில் சிறுமிகளைச் சேர்த்துப் பந்தாடக் கற்றுக்கொடுத்தார் இன்னொரு மாரியப்பன், கால்பந்துப் பயிற்சியாளர். இந்துமதியும் சுமித்ராவும் அங்கிருந்து இந்திய அணி வரை போனார்கள். 2018-ல் தமிழ்நாடு முதல்முறையாகத் தேசியப் பட்டம் வென்றது. 2019 மே மாதம் லூதியானாவில், அம்ருதா அரவிந்த் பயிற்சியில், தமிழ்நாட்டின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கை எடுத்தது. 2023-ல் மாநில அணிக்கு இரண்டாவது தேசியப் பட்டம். கோச்சுகள் மாறினார்கள், பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காரணம், கீழே ஓர் ஊற்று இருந்தது.

சேலம், நாமக்கல்லில் அந்த ஊற்றுக்கு இடமில்லையா? பந்து ஆசை இருக்கிறது. உலகக் கோப்பை வந்தால் மெஸ்ஸிக்கும் ரொனால்டோவுக்கும் ஃப்ளெக்ஸ் கட்ட ஆள் இருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கிறது. ஆனால் அது நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் அந்தப் பையனின் சீசனே முடிந்தது. ஜெயித்தே ஆக வேண்டும் என்பதால் வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர்களை இறக்குகிறார்கள். உள்ளூர்ப் பையன் கோட்டுக்கு வெளியே சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பயிற்சியும் அப்படித்தான்: முப்பது பேருக்கு இரண்டு பந்து, வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை கோலை நோக்கி உதை, பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடு. ரஹீம் பார்த்திருந்தால் அந்த வரிசையைக் கலைத்துவிட்டு, நான்கு நான்கு பேராகப் பிரித்து ஆடவிட்டிருப்பார்.

இங்கே இன்னொரு விஷயம் உறுத்துகிறது. கால்பந்து கிளப்புக்குத் தேவையான கட்டுமானம் இந்தப் பகுதியில் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் உள்ள விடுதிப் பள்ளிகளைத்தான் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள், மூன்று வேளைச் சாப்பாடு, காலை ஐந்து மணிக்கு எழுப்பும் ஒழுங்கு, பெரிய மைதானம். ஐரோப்பிய அகாடமிகள் காசு கொட்டிக் கட்டுவது இதைத்தான். இவ்வளவும் மார்க்குக்காக மட்டுமே ஓடுகிறது. 2017-ல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, நீட் வந்தது, ஓட்டம் நிற்கவில்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.இ.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். பதினைந்து வயதில் பந்தை விட்டவன் திரும்ப வருவதில்லை.

பணம் இல்லை என்பதையும் ஏற்க முடியாது. லாரி, கோழிப்பண்ணை, ரிக் வண்டி என்று இந்தியா முழுக்கத் தொழில் செய்யும் ஊர்கள் இவை. ஆளும் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. 1973-ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபி வாங்கித் தந்த கோச் சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். அவரை வைத்து ஆட்டம் நடத்தக் கேரளத்தில் ஓர் அமைப்பு இருந்தது.

பெரிய ஸ்டேடியமோ வெளிநாட்டு கோச்சோ கேட்கவில்லை. விடுதிப் பள்ளித் தாளாளர்கள் ஆறு பேர் சேர்ந்தால் போதும். பதின்மூன்று வயதுக்குக் கீழே பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு லீக். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளி மாற்றி ஒரு பள்ளியின் மைதானத்தில் ஆட்டம். தோற்றவனுக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. பள்ளிக்கு ஒரு உடற்கல்வி ஆசிரியரை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ‘டி’ பயிற்சியாளர் உரிமப் பயிற்சிக்கு அனுப்பி, ஐந்து வருஷத்துக்கு அவர் பீரியடில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் கோப்பை கேட்டு அவரை நெருக்க வேண்டாம். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்கலாம். மாவட்டக் கால்பந்துக் கழகம் நடுவர்களைத் தரட்டும்.