புலி முத்திரையும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும்



நம் பூம்புகார்த் துறையில் ஏறிய சரக்குக்கும் இறங்கிய சரக்குக்கும் சோழனின் புலி முத்திரை குத்தப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரை குத்துவது அனுப்புகிற ஊர். விலை சொல்வதோ வாங்குகிற ஊர். கடையில் உட்கார்ந்து பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்ப எண்ணும்போது மட்டும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள்.

“வெளிநாட்டில் டிகிரி படிக்க வேண்டுமானால் இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்த்தால்தான் உண்டாமே?” என்று கேட்கும் உறுப்பினர்கள் பலர். அதற்காகக் கடைச் சரக்கின் மேல் கடன் வாங்கவும், கொஞ்ச நஞ்ச நிலத்தை விற்கவும் துணிகிறார்கள். எனவே இது பற்றி நம் கருத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இன்டர்நேஷனல் படிப்பு என்று இங்கே பேசப்படுபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு நடத்தும் ஐ.பி. டிப்ளமோ. ஆறு பாடங்கள், பாடத்துக்கு 7 புள்ளி, கட்டுரை முதலியவற்றுக்கு 3 புள்ளி, ஆக மொத்தம் 45. மற்றொன்று கேம்பிரிட்ஜ் முறை. அதில் பத்தாம் வகுப்பளவில் ஐ.ஜி.சி.எஸ்.இ., பன்னிரண்டாம் வகுப்பளவில் ஏ லெவல். ஏ லெவல் இங்கிலாந்துக்கு உள்ளூர்க் காசு. ஐ.பி.க்கு எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோல். அதனால் அங்குள்ள சேர்க்கை அலுவலருக்கு இவற்றை எடை போடுவது எளிது. இவற்றின் பலம் இதுதான். இதற்கு மேல் மந்திரம் ஒன்றுமில்லை.

1978-இல் தமிழகத்தில் வந்த நம் பிளஸ் டூவும் செல்லாக் காசு அல்ல. ஆனால் ஒவ்வொரு நாடும் அதற்கு ஒவ்வொரு விலை வைக்கிறது. இங்கிலாந்தின் பல பல்கலைக்கழகங்கள் சி.பி.எஸ்.இ.க்கு ஒரு சதவீதமும் மாநில வாரியங்களுக்கு அதைவிடக் கூடுதல் சதவீதமும் கேட்கின்றன. ஆங்கிலப் பாட மதிப்பெண்ணிலும் இதே வேறுபாடு உண்டு. எட்டாதவர்கள் ஓராண்டு அடிப்படைப் படிப்பு படித்துவிட்டே பட்டப்படிப்பில் சேரலாம். அது ஓராண்டுக் கூடுதல் செலவு. அமெரிக்காவில் பிளஸ் டூ மட்டுமன்றி ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் கேட்பார்கள். ஆகவே ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டையும் பழைய பேரேட்டைப் போலப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஜெர்மனியின் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வெறும் பிளஸ் டூவை வைத்துக்கொண்டு அங்கே நேராக நுழைய முடிவதில்லை. ஜெர்மனியில் ஓராண்டு ஆயத்தப் படிப்பு, அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் பட்டப்படிப்பு, அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சி என்று வழிகள் வைத்திருக்கிறார்கள். ஐ.பி. டிப்ளமோவும் குறிப்பிட்ட பாடங்களை எடுத்திருந்தால்தான் அங்கே நேரடியாகச் செல்லும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம். ஓராண்டுச் செலவுக்கென முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோ ஆனது. கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

மருத்துவப் படிப்பில் எந்தப் பள்ளிச் சான்றும் தனியாக நிற்காது. 2018 முதல் நீட் தேறாமல் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கு திரும்பி டாக்டராகப் பதிவு பெற முடியாது. 2021-இல் வந்த விதிப்படி படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். இன்டர்நேஷனல் பள்ளியில் படித்த பிள்ளை கடைசியில் இங்கேயே படிக்க நேர்ந்தால் என்ன ஆகும்? ஐ.பி., ஏ லெவல் இரண்டையும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தன் நிபந்தனைகளின்படி பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறது. ஆயினும் பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்துவிடும்போது, மே-ஜூனில் எழுதும் ஏ லெவல் தேர்வின் முடிவு ஆகஸ்டில்தான் வருகிறது. ஐ.பி. முடிவு ஜூலையில். அதற்குள் இங்கே கவுன்சலிங் வேலைகள் தொடங்கிவிடும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியலில் 2021-லும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், இடையில் பள்ளி மாறினால் கைநழுவிப் போகும்.

அப்படியானால் என்ன செய்வது? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று தெரிந்துகொண்டுதானே நெல்லைக் காயவைக்கிறோம்? இதற்கும் அதே முறைதான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த நாடு, எந்தப் படிப்பு என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் தமிழ்நாடு மாநில வாரியத்துக்கு எத்தனை சதவீதம், எந்தெந்தப் பாடம் கேட்கிறது என்பதை அதன் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் பிளஸ் ஒன் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறியியல் எண்ணம் இருந்தால் கணிதத்தை விட்டுவிடலாகாது. ஆங்கிலத்துக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள். பள்ளி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

ஏஜெண்டு சொல்வதை மட்டும் நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். மாணவரைச் சேர்த்துவிடுவதற்கு வெளிநாட்டுக் கல்லூரிகளிடம் கமிஷன் வாங்குவோர் அவர்களில் பலர். மண்டியில் இரு பக்கமும் தரகு வாங்குகிறவர் சொல்லும் விலையை நாம் அப்படியே ஏற்பதில்லை. இங்கு மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

வசதி உள்ளவர்கள் இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்ப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே இருண்டுவிடும் என்று அஞ்சி, சிறு கடைக்காரர் முதலை இழப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும், தலைமையாசிரியர் ஒருவரையும் வெளிநாட்டில் படித்துவரும் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து, சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் விளக்கக் கூட்டம் நடத்த நிர்வாகிகள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் டீச் செலவுதான். காப்பாற்றப்படுவது பல குடும்பங்களின் முதல்.