பீப்பாய்க்குள் ஒரு பகை

தோழனே!

பெரியதாழையில் கூட்டம் பேசச் சென்றிருந்தேன். வாசலுக்கொரு நீலப் பீப்பாய். எதிரே கடல் கரைகாணாது கிடக்கிறது. குடிக்கவோ ஒரு துளியும் உதவாது. ஆகவே வந்த நீரைத் தேக்கி வைக்கிறார்கள். ஒரு பீப்பாயினுள் எட்டிப் பார்த்தேன், நெளிந்தன புழுக்கள்! பக்கத்திலேயே கருவுற்ற தாயொருத்தி அமர்ந்திருந்தாள். மேடையில் நான் பேச நினைத்தது வேறு; பேசியது அந்தப் பீப்பாயைப் பற்றி.

ஜிகா என்றொரு நச்சுயிர். 1947-ல் உகாண்டாவின் ஜிகா காட்டில், ஒரு குரங்கின் உடலில் கண்டறிந்தார்கள். டெங்குவைச் சுமக்கும் அதே பகற்கொசுதான் இதையும் சுமக்கிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோர்க்குக் காய்ச்சலே காணாது. நாடகத்திலே பகைவன் நுழையுமுன் முரசாவது முழங்கும், இங்கே அதுவுமில்லை! தாயும் அறியாமல் கருவை எட்டி, வளரும் மூளையைச் சிதைக்கும். 2015-ல் பிரேசிலில் தலை சிறுத்த மழலைகள் பிறந்தன. 2016 பிப்ரவரி 1-ல் உலக சுகாதார நிறுவனம் அபாயச் சங்கு ஊதிற்று. கருக்காலத்தில் தொற்றுக்கு ஆளான தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை பாதிப்புறும் என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு.

பிரேசில் எங்கே, பெரியதாழை எங்கே என்கிறாயா? அகமதாபாத்தில் மூவர்க்குத் தொற்று. ஒருத்தி பிள்ளை பெற்றவள், இன்னொருத்தி நிறைமாதக்காரி. மாதிரிகள் எடுத்தது 2016-லும் 2017 சனவரியிலும். உலகம் அறிந்ததோ 2017 மே 26-ல்! பீதி பரவுமென்று மறைத்தார்களாம். அறியாத தாய் எப்படியப்பா தன்னைக் காத்துக்கொள்வாள்? அதே 2017-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம். 2021-ல் களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையில் ஒரு கர்ப்பிணி (பிள்ளை நலமாகப் பிறந்தது, நல்லவேளை). 2024-ல் புனே நகரில் கருவுற்ற பெண்கள் பலர். கொசு, சோதனைச் சாவடியில் நின்றா எல்லை தாண்டும்?

"நீரை மூடி வை" என்று சுவரொட்டி ஒட்டுவது எளிது. குழாயில் நாள்தோறும் நீர் வந்தால் பீப்பாய் எதற்கு? அதைக் கேள், ஊராட்சியில் கேள், ஆட்சியர் அலுவலகத்தில் கேள். கர்ப்பிணிக்குச் சோதனை எங்கே செய்யப்படும் என்றும் கேள்.

கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்காதே. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் தீராது. சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தும் சாகாது, தேய்த்துக் கழுவவேண்டும். கணவன்மார்க்கும் ஒரு சொல்: உடலுறவு வழியாகவும் இது தொற்றும். கூச்சத்தை ஒதுக்கிவிட்டு அதையும் சொல்.

அன்று கூட்டம் கலைந்ததும் நான்கு இளைஞர்கள் தேங்காய் நாருடன் கிளம்பினார்கள். ஒரு தெரு முடியவே இரவு பத்தாயிற்று. இன்னும் ஆறு தெரு இருக்கிறதாம்.